மேடையில பாட்டு மறந்துபோன பிள்ளையைத் திரும்ப எப்பிடி ஏத்துறது?

திருமலை_பாட்டு_ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் திருமலையில, அதுதான் திருகோணமலையில, உப்புவெளிப் பக்கம் வீட்டில வைச்சு சங்கீதம் படிப்பிக்கிறன். சனி ஞாயிறு விடிய வகுப்பு, கிழமை நாளில பின்னேரம் ஒண்டு, பிள்ளையள் 20 பேருக்குக் கிட்ட வருகினம். ஒவ்வொரு வருசமும் நவராத்திரி நேரம் ஒரு சின்ன மண்டபம் எடுத்து எல்லாரையும் மேடை ஏத்திறனான், சரளி வரிசை பாடுற சின்னனில இருந்து கீர்த்தனை பாடுற பெரிய பிள்ளை வரைக்கும் ஒருத்தரையும் விடுறேல்ல.

போன வருசம் நடந்த ஒரு விசயம் இன்னும் மனசில கிடக்கு, அதைத்தான் கேக்க வந்தனான். 12 வயசுப் பிள்ளை, என்னட்ட அஞ்சு வருசமா வருது, நல்ல குரல், சுருதி விலகவே விலகாது. ஆரபி ராகத்தில ஒரு கீர்த்தனை குடுத்தனான். பல்லவி அனுபல்லவி ரெண்டும் வடிவாப் பாடிச்சுது, சரணத்தில ரெண்டாவது வரி வரேல்ல. சத்தம் நிண்டிட்டுது. ஆனா நான் பாத்துக்கொண்டு இருந்தனான், பிள்ளையின்ர வலது கை மடியில தாளம் போட்டுக்கொண்டே இருக்கு, தட்டு, சின்ன விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டி வீச்சு தட்டி வீச்சு, ஒரு அட்சரம் பிசகேல்ல. ரெண்டு ஆவர்த்தனம், அதாவது ரெண்டு தாளச் சுற்று, அப்பிடியே போச்சுது, மிருதங்கக்காரர் மெல்லமா தட்டிக்கொண்டு காத்திருந்தார். பிள்ளை நிமிந்து முன் வரிசையில அம்மாவைத் தேடிச்சுது. அம்மா போனை முகத்துக்கு நேரா பிடிச்சு வீடியோ எடுத்துக்கொண்டு இருந்தவ, பிள்ளைக்குத் தெரிஞ்சது போனின்ர முதுகுதான். பக்கத்தில நிண்ட நான் அவசரத்தில வரியை எடுத்துக் குடுத்தன், அது மைக்கில விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டிட்டுது. அவ்வளவுதான், பிள்ளை எழும்பி உள்ள போயிட்டுது.

அண்டைக்கு இரவே அந்த வீடியோ ஒரு வட்ஸ்அப் குரூப்பில வந்திட்டுது. ஆரும் கெட்ட எண்ணத்தில போடேல்ல, "பாவம் பிள்ளை பயந்திட்டுது" எண்டுதான் எழுதி இருந்தது, ஆனா பிள்ளை அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்ததெண்டு அம்மா பிறகு சொன்னா.

இப்ப ஒரு வருசம் ஆகப்போகுது. வகுப்புக்கு ஒழுங்கா வருது, வர்ணம் ரெண்டு காலமும், அதாவது ரெண்டு வேகத்திலயும், பாடுது. மேடை எண்டு சொன்னா மட்டும் "நான் தம்பூரா பாத்துக்கொள்ளுறன் ரீச்சர்" எண்டு சொல்லுது. இந்த வருசம் ஏத்துறதோ விடுறதோ? புத்தகத்தை முன்னால வைச்சுப் பாட விடலாமோ? மற்றது இந்த வீடியோ விசயம், எங்கட பிள்ளையள் பாடுறதை எல்லாரும் பாக்க வேணும் எண்டு எனக்கும் ஆசைதான், வெளிநாட்டில இருக்கிற மாமா சித்தி எல்லாம் கேக்கினம், அதை என்னெண்டு கையாளுறது? அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ.

---

தொப்பி_வலந்தலை

வணக்கம் ரீச்சர். நான் மிருதங்கம் வாசிக்கிறனான், திருமலை, மூதூர், மட்டக்களப்பு எண்டு பிள்ளையளின்ர நிகழ்ச்சிக்கு நிறைய வாசிச்சிருக்கிறன். பக்கத்தில இருந்து பாக்கிற ஆள் எண்டபடியால் சொல்லுறன்.

தாளம் நிக்கேல்ல எண்டீங்கள் பாருங்கோ, அந்தப் பிள்ளைக்குப் பாட்டு மறக்கேல்ல, வரிக்குள்ள திரும்ப ஏறுற இடம்தான் பிடிபடேல்ல. எங்கட பிள்ளையள் எல்லாரும் பாட்டை முதல்ல இருந்து முடிவு வரைக்கும் ஒரே கயிறாத்தான் பழகினம். நடுவில அறுந்தா திரும்பப் பல்லவிக்குத்தான் போகத் தெரியும். வகுப்பில பாடிக்கொண்டு இருக்கேக்க நிப்பாட்டி, "சரணம் ரெண்டாவது வரி எடு" எண்டு கேட்டுப் பாருங்கோ. முதல்ல முழிக்குங்கள். ஒரு மாசம் செய்தால் எங்க விட்டாலும் எடுக்குங்கள். நான் வாசிச்சுக்கொண்டே இருப்பன், பிள்ளை ஒரு ஆவர்த்தனம் விட்டு அடுத்ததில ஏறினால் சபையில முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவே தெரியாது.

இன்னொண்டு, எடுப்பை, அதாவது பாட்டு தாளத்தில தொடங்கிற இடத்தை, பாத்துப் பாட்டைத் தெரியுங்கோ. சமத்தில, முதல் தட்டோடயே, தொடங்கிற பாட்டெண்டால் பயத்திலயும் பிள்ளை பிடிச்சிடும். அரை இடம் தள்ளித் தொடங்கிறதெண்டால் பதட்டத்தில தட்டோட சேத்து எடுத்திடுங்கள், பிறகு முழுப்பாட்டும் என்னோட இழுபறி. முதல் மேடைக்கும், விழுந்து எழும்புற மேடைக்கும் சமம்தான் நல்லது.

கோவிக்கக் கூடாது ரீச்சர், மற்றது ஒத்திகை. என்னைக் கூப்பிடுற ஆசிரியர்மார் பாதிப்பேர் நிகழ்ச்சி அண்டைக்குத்தான் பிள்ளைக்கு மிருதங்கத்தைக் காட்டினம். வீட்டில தம்பூரா அப் ஒண்டோட மட்டும் பாடின பிள்ளைக்கு திடீரெண்டு காதுக்குப் பக்கத்தில மிருதங்கத்தின்ர வலந்தலைச் சத்தம் வந்தால் என்ன செய்யும்? ஓடத் தொடங்கும். காலப்பிரமாணம், அதுதான் பாட்டின்ர சீரான வேகம், போயிடும், ஓட ஓட மூச்சும் போகும், மூச்சுப் போனால் வரியும் போகும். மூண்டு ஒத்திகையாவது எங்களோட வையுங்கோ. காசு பிரச்சினை எண்டால் கதைச்சு எடுக்கலாம், பிள்ளையளுக்காக வாறதுக்கு நாங்கள் ஆக்கள் இருக்கிறம்.

---

நிலாவெளி_அம்மா

நான் பாட்டுக்காரி இல்லை, என்ர மூத்தவ சங்கீதம் படிக்கிறா. நான் நேர்ஸ். ரீச்சர் எழுதினதில போனின்ர முதுகு எண்ட இடத்தில எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு, ஏனெண்டால் நானும் அப்பிடித்தான் எடுத்துக்கொண்டு இருந்தனான் போன நவராத்திரி வாணி விழாவில. பிள்ளை என்னைப் பாத்ததோ இல்லையோ எண்டே எனக்குத் தெரியாது, நான் ஸ்கிரீனைத்தான் பாத்தனான்.

உடம்பில நடக்கிறதைப் பிள்ளையளுக்கு முதலே சொல்லிக் குடுங்கோ. பயந்தால் அட்ரினலின் சுரக்கும், அதாலதான் நெஞ்சு அடிக்கிறது, கை குளிர்றது, வாய் காயிறது, வயிறு பிசையிறது எல்லாம். "எனக்கு ஏதோ வருத்தம்" எண்டு பிள்ளை நினைச்சால் பயம் ரெண்டு மடங்காகும். இது எல்லாருக்கும் வாறது, பெரிய வித்துவானுக்கும் வாறது எண்டு தெரிஞ்சால் அதோட இருந்து பாடப் பழகும். மூச்சை உள்ள எடுக்கிறதை விட வெளிய விடுறதை நீட்டச் சொல்லுங்கோ, நாலு எண்ணி எடுத்து ஆறோ எட்டோ எண்ணி விடுறது, ஒரு அஞ்சு ஆறு தரம் செய்ய நெஞ்சு அடிப்புக் குறையும். ஐஸ் தண்ணி குடுக்காதேங்கோ, வெதுவெதுப்பாக் குடுங்கோ. முக்கியமா ஆடி மாசத்தில நிகழ்ச்சி வைச்சால் எங்கட கச்சான் காத்துக்குத் தொண்டை சும்மாவே காஞ்சு போய்க் கிடக்கும், அண்டைக்கு விடியத் தொடங்கித் தண்ணி குடிக்க வேணும், மேடை ஏறுறதுக்கு முதல் ஒரு கிளாஸ் குடிச்சு சரிவராது.

"பயப்பிடாதை" எண்டு சொல்லுறதை நான் இப்ப விட்டிட்டன். 2014ல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில இருந்து வந்த ஒரு ஆய்வு படிச்சனான், மற்றவைக்கு முன்னால கரோக்கேயில பாட வேண்டிய ஆக்களில ஒரு பகுதியை "எனக்குப் பதட்டமா இருக்கு" எண்டும் இன்னொரு பகுதியை "எனக்கு உற்சாகமா இருக்கு" எண்டும் பாட முதல் வாய் விட்டுச் சொல்ல வைச்சிருக்கினம், உற்சாகம் எண்டு சொன்னவைதான் சுருதி தாளம் பிசகாமல் கூடச் சரியாப் பாடி இருக்கினம். நெஞ்சு அடிக்கிறது ரெண்டுக்கும் ஒண்டுதானே, பேரைத்தான் மாத்திறது. என்ர பிள்ளைக்கு "நல்லூர்த் தேருக்குப் போக முதல் நாள் வருமே, அதுதான் இது" எண்டு சொன்னன், சிரிச்சுக்கொண்டு ஏறினா.

வீடியோ பற்றி: ஒருத்தர் மட்டும் எடுக்கட்டும், பின்னால ஸ்டாண்டில வைச்சு. மற்ற எல்லாரும் போனை பைக்குள்ள வைக்க வேணும் எண்டு தொடக்கத்திலயே ரீச்சர் மைக்கில சொல்லுங்கோ. நாங்கள் கேப்பம். சொல்லாட்டித்தான் எடுப்பம்.

---

பழைய_மாணவி_மட்டு

நானும் திருமலைப் பிள்ளைதான், இப்ப மட்டக்களப்பில சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில சங்கீதம் படிக்கிறன். இதை வாசிச்சிட்டு எழுதாமல் இருக்க முடியேல்ல, ஏனெண்டால் அந்தப் பிள்ளை நான்தான், அதாவது எனக்கும் அப்பிடியே நடந்தது.

தமிழ்த்தினப் போட்டி, வலய மட்டம், எனக்கு 13 வயசு. பல்லவி பாடி முடிச்சு அனுபல்லவி எடுக்கப் போறன், ஒண்டுமே இல்லை, வெள்ளைக் கடதாசி மாதிரி. நடுவர் மூண்டு பேர் என்னைப் பாத்துக்கொண்டு இருக்கினம், அதில ஒருத்தர் பேனையை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. இண்டைக்கும் பேனை மூடுற சத்தம் கேட்டால் வயித்துக்குள்ள ஒண்டு இறங்கும். வீட்ட வந்து ரெண்டு மாசம் பாடேல்ல.

என்ர குருவம்மா என்னை மேடைக்கு வா எண்டு ஒரு நாளும் கேக்கேல்ல. வெள்ளிக்கிழமை பின்னேரம் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவா. கோட்டை வாசல்ல இருந்து நடந்துதான் போவம், வழியில மான் நிக்கும், அதுகளுக்கு ஏதும் குடுத்துக் குடுத்து, கடல் காத்து முகத்தில அடிக்க அடிக்க ஏறிப் போவம். பூசை முடிய தேவாரம் பாடேக்க என்னைப் பக்கத்தில இருத்தி தானும் சேந்து பாடுவா. முதல் ரெண்டு கிழமை அவவின்ர குரல்தான் கேக்கும். மூண்டாம் கிழமை பாதியில அவ நிப்பாட்டிட்டா, நான் கவனிக்காமல் தொடந்து பாடி முடிச்சிட்டன்.

கோயில்ல பாடினால் ஆரும் கைதட்டுறேல்ல, மார்க் போடுறேல்ல, ஒரு அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிப்பா, ஒரு சின்னப் பிள்ளை ஓடித் திரியும், மணி அடிக்கும், பாட்டு அதுக்குள்ள ஒண்டு. எனக்கு அதுதான் தேவைப்பட்டது. நாங்கள் பாடினது எங்கட ஊர்ப் பதிகம், சம்பந்தர் பாடினது, புறநீர்மைப் பண். அதை இப்ப பூபாள ராகத்தில பாடுறம், அஞ்சே அஞ்சு சுரம்தான், பிடிச்சு நிக்கிறது லேசு. சம்பந்தர் இங்க வந்து பாடேல்ல, இராமேச்சரத்தில நிண்டு இந்த மலையை நினைச்சுப் பாடினவர் எண்டும், அவரும் சின்னப் பிள்ளையாத்தான் பாடத் தொடங்கினவர் எண்டும் நடந்து போகேக்க குருவம்மா சொல்லுவா. அதைக் கேக்க எனக்கு ஒரு துணை கிடைச்ச மாதிரி இருந்தது.

ஆறு மாசம் கழிச்சு நானே கேட்டன், "இந்த முறை நானும் பாடட்டோ" எண்டு. ரீச்சர், அந்தப் பிள்ளை தம்பூரா பாத்துக்கொள்ளுறன் எண்டு சொல்லுதே, அது விலகிப் போற கதை இல்லை. மேடைக்குக் கிட்ட இருக்க வேணும் எண்டு சொல்லுது. தம்பூராவோட மேடையில இருத்துங்கோ இந்த வருசம்.

---

40வருச_ஆசிரியை

வாசிச்சன். பிள்ளையள் நல்லா எழுதி இருக்கினம், ஆனா ஒரு விசயத்தில எனக்கு வேற எண்ணம், அதைச் சொல்லத்தான் வேணும்.

புத்தகம் வேண்டாம் மகள். நான் இளம் ஆசிரியையா இருக்கேக்க விட்டனான், பிறகு நிப்பாட்டினன். புத்தகம் முன்னால இருந்தால் பிள்ளை குனிஞ்சு வாசிக்கும், குனிஞ்சால் குரல் அடைக்கும், கண் எழுத்தில நிக்கேக்க காது சுருதியை விட்டிடும். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில செய்முறைக்குப் போற பிள்ளை புத்தகத்தைப் பாத்தோ பாடுறது? கடதாசி வேணும் எண்டால் ஒவ்வொரு வரியின்ர முதல் சொல்லை மட்டும் சின்னத் துண்டில எழுதி பிள்ளையின்ர கையில குடுங்கோ. அதைத் திறந்து பாக்காது, எனக்குத் தெரியும், ஆனா கையுக்குள்ள இருக்கிறது ஒரு தைரியம்.

பாட்டுத் தெரிவு பற்றி தம்பி சொன்னது சரி. நான் இன்னொண்டு சேக்கிறன். கச்சேரியை வர்ணத்தோட தொடங்கிற ஒழுங்கு அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் காலத்தில நிலைச்சது எண்டு சொல்லுறம், அதுக்கு ஒரு காரணம் இருக்கு, வர்ணத்தில குரலும் பதப்படும் மனசும் பதப்படும். நாங்கள் பிள்ளையளை என்ன செய்யிறம்? பின்னால ஒரு மணித்தியாலம் வாய் திறக்க விடாமல் வரிசையில இருத்தி வைச்சிட்டு, பேர் கூப்பிட்ட உடன ஏத்தி நேரா கீர்த்தனை பாடச் சொல்லுறம். குளிர்ந்த குரல். அவையளுக்கு ஒரு அறை குடுத்து, சுருதிப்பெட்டியை மேடையில பாடுற அதே கட்டையில, அதே சுருதி உயரத்தில வைச்சு, மாயாமாளவகௌளை ராகத்தில ரெண்டு சரளி வரிசை மூண்டு காலமும் பாடிட்டு ஏறச் சொல்லுங்கோ. ஏழு வயசில படிச்சது, மறக்கவே மறக்காது, வாய் திறந்து சரியா வருது எண்டு தெரிஞ்ச உடன பிள்ளைக்கு நம்பிக்கை வந்திடும்.

மேடையில சுருதிப்பெட்டியைப் பிள்ளையின்ர காதுக்குக் கிட்ட வையுங்கோ. சவுண்ட் போடுற பெடியள் சபைக்குக் கேக்குதோ எண்டுதான் பாப்பினம், பாடுற பிள்ளைக்குக் கேக்குதோ எண்டு ஆரும் பாக்கிறேல்ல. சின்ன மொனிட்டர் ஸ்பீக்கர் ஒண்டு பிள்ளையின்ர பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கோ. மைக் வாயில இருந்து ஒரு சாண்.

கடைசியா, கடுமையாச் சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ. பிள்ளையை ஏத்த வேணும், இந்த வருசமே. தம்பூராவோட இருத்துறது நல்லதுதான், ஆனா அதோட விட்டால் அடுத்த வருசமும் தம்பூராதான், அதுக்கு அடுத்த வருசம் சாதாரண தரப் பரீட்சை எண்டு சொல்லி வகுப்பும் நிண்டிடும். இப்பிடிப் போன நல்ல குரல்கள் எனக்குத் தெரியும், இப்ப அவையளின்ர பிள்ளையள் என்னட்டப் படிக்க வருகினம், தாய்மார் வெளியில கதிரையில இருந்து முணுமுணுத்துப் பாடிக்கொண்டு இருப்பினம், நல்ல சாரீரம்.

---

தொப்பி_வலந்தலை

ஆசிரியை அம்மா சொன்ன மொனிட்டர் விசயம் நூத்துக்கு நூறு. ஒரு சின்ன நடைமுறை ஐடியா: நிகழ்ச்சிக்கு முதல் வீட்டு விறாந்தையிலயே ஒரு சின்னக் கச்சேரி வையுங்கோ ரீச்சர், பக்கத்து வீட்டு ஆக்கள் ஒரு பத்துப் பேர், பிளேன்ரீயும் கடலையும். நான் வாறன். வேணுமெண்டே நடுவில ஒரு இடத்தில நான் வாசிப்பை நிப்பாட்டுவன், பிள்ளையளுக்கு முதலே சொல்லி வைச்சு, ஒரு விளையாட்டு மாதிரி. ஆர் நிக்காமல் தாளத்தோட போகினம் பாப்பம். கரண்ட் போனால் இன்னும் நல்லது, மழைக்காலத்தில மண்டபத்தில கரண்ட் போறது புதினமே, மைக் இல்லாமல் பாடிப் பழகினதுகள் அண்டைக்குத் தடுமாறாதுகள்.

---

நிலாவெளி_அம்மா

ஒரு விசயம் கேக்கலாமோ ரீச்சர், அந்த வட்ஸ்அப் வீடியோ இன்னும் குரூப்பில கிடக்குதோ? கிடந்தால் போட்டவரிட்டத் தனியாக் கேட்டு அழிக்கச் சொல்லுங்கோ, இப்ப எண்டாலும். பிள்ளைக்கும் அதைச் சொல்லுங்கோ, அழிச்சாச்சு எண்டு. என்ர மகளிட்ட நான் கேட்டன், "உன்ர வீடியோ போடலாமோ" எண்டு, முதல் தரமாக் கேட்டன், யோசிச்சிட்டு "ரெண்டாவது பாட்டைப் போடுங்கோ, முதலாவது வேண்டாம்" எண்டு சொன்னா. அவவுக்குத் தெரிஞ்சிருக்கு, நான்தான் கேக்கேல்ல இவ்வளவு நாளும்.

---

திருமலை_பாட்டு_ரீச்சர்

எல்லாருக்கும் மனசார நன்றி, ரெண்டு கிழமை பிந்தி வாறன், செய்து பாத்திட்டுத்தான் எழுத வேணும் எண்டு இருந்தனான்.

வீடியோவை அழிப்பிச்சாச்சு. போட்ட அண்ணா மன்னிப்புக் கேட்டார், அவருக்கு அது இவ்வளவு நோகும் எண்டு தெரியாது. பிள்ளையிட்டச் சொன்னன், ஒண்டும் சொல்லேல்ல, ஆனா அண்டைக்கு வகுப்பு முடிஞ்ச பிறகு பாயை எல்லாம் தானே சுருட்டி வைச்சிட்டுப் போச்சுது. நான் மைக்கில வரியைச் சொல்லிக் குடுத்ததுக்கும் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேட்டன். "நீங்கள் சொல்லாட்டி நான் எடுத்திருப்பன் ரீச்சர், எனக்கு வந்துகொண்டு இருந்தது" எண்டு சொல்லிச்சுது. எனக்கு அதைக் கேட்டு அண்டைக்கு இரவு நித்திரையே இல்லை. ஒரு வருசமா அதை வைச்சுக்கொண்டு இருந்திருக்கு, ஆரும் கேக்கேல்ல, நானும் கேக்கேல்ல.

நடுவில நிப்பாட்டி எடுக்கிற பழக்கம் தொடங்கிட்டன், எல்லாப் பிள்ளையளுக்கும். முதல் நாள் ஒருத்தருக்கும் வரேல்ல, பெரிய பிள்ளையளுக்கே வரேல்ல, எனக்கே ஒரு பாட்டில வரேல்ல. இப்ப சின்னனுகள் ஒண்டை ஒண்டு நிப்பாட்டி விளையாடுதுகள், கீதத்தின்ர நடுவில "எடு, எடு" எண்டு. அந்தப் பிள்ளை எங்க விட்டாலும் எடுக்குது, அதுவும் சரியான இடத்தில.

அதே ஆரபிக் கீர்த்தனையைக் குடுக்கிறதோ புதுசு குடுக்கிறதோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். அதுக்குள்ள போன ஞாயிறு பிள்ளையே வந்து, "விறாந்தையில எண்டால் பாடுறன், ஆனா அதே பாட்டுத்தான், அம்மா முன்னால இருக்க வேணும், போன் இல்லாமல்" எண்டு சொல்லிட்டுது. அம்மாவிட்டச் சொன்னன், அவ தலையை ஆட்டிப்போட்டு கண்ணைத் துடைச்சவ.

தம்பி மிருதங்கம், வாற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வர ஏலுமோ? சுருதி அஞ்சு கட்டை, எடுப்பு சமம். பிளேன்ரீ இருக்கும், கடலை நான் அவிக்கிறன்.

---

தொப்பி_வலந்தலை

மூண்டரைக்கே வாறன் ரீச்சர். சுருதி சேக்க நேரம் வேணும்.